டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழுது: "ஹெட் போயிருச்சு" என்று சொல்வதற்கு முன்

மலேசியாவில் மின்-இன்வாய்ஸ் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2025 முதல் அடுத்தடுத்த படிகளில் இன்னும் பலருக்கும் வந்தது. ஆனாலும் லோரி டிரைவர் கையோடு கொண்டுபோய், சரக்கை இறக்கி, சாப் (முத்திரை) வாங்கி, ஒரு நகலைத் திருப்பிக் கொண்டுவரும் டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) இன்னும் மூன்று அடுக்குத் தாளில்தான் அடிக்கிறார்கள். கோலாலம்பூரில் லெபோ அம்பாங், மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் என்று நான் வேலைக்குப் போகும் மொத்தக் கடை, கிளினிக், கோயில் அலுவலகம் எதுவானாலும் மேசையோரம் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஃபோனில் வரும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, ஹெட் போயிருச்சு, எவ்வளவு ஆகும்?" ஹெட் என்பது ஊசிகளால் ரிப்பனைத் தாளில் அடித்து எழுத்து போடும் பாகம். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும். ரிப்பன், லீவர், தாள் இந்த மூன்றில் ஒன்றுதான் கோளாறு. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், காசு கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். இங்கே அதிகம் புழங்கும் எப்சன் எல்.எக்ஸ். 310 (9 ஊசி), எல்.க்யூ. 310 (24 ஊசி) இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு பிராண்டில் பட்டன் மாறும், காரணம் மாறாது.

## எதுவானாலும் முதலில் இந்த இரண்டு சோதனை

செல்ஃப் டெஸ்ட். பிரிண்டரை அணையுங்கள். கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளையும் கழற்றிவிடலாம். 'லோட்/இஜெக்ட்' பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் கம்ப்யூட்டர் உதவியில்லாமல் தானே எழுத்துகளை வரிசையாக அடிக்கும். 'எல்.எஃப்./எஃப்.எஃப்.' பட்டனைப் பிடித்தால் அதே சோதனை டிராஃப்ட் (வேகமாக அடிக்கும் சாதா) எழுத்தில் வரும். நிறுத்த 'பாஸ்' பட்டன். இது ஒழுங்காக அடித்தால் கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது, பிரிண்டரைத் திறக்காதீர்கள்.

அடித்தாளைப் பாருங்கள். மேல் தாளில் விழுவது ரிப்பன் மை. அடியில் இருக்கும் ரோஸ், மஞ்சள் தாள்களில் விழுவது ஊசியின் அடி மட்டுமே, ரிப்பனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிப்பன் குறையா, அடி குறையா என்பதை இந்த ஒரு பார்வையே பிரித்துச் சொல்லிவிடும்.

## எழுத்து மங்கலாக விழுகிறது

### மேல் தாள் மங்கல், அடித்தாள் தெளிவு

ரிப்பன்தான். எல்.க்யூ. 310-க்குச் சுமார் 25 லட்சம் எழுத்து, எல்.எக்ஸ். 310-க்குச் சுமார் 40 லட்சம் எழுத்து என்பது கம்பெனிக் கணக்கு. தமிழில் பில் அடிப்பவர்களுக்கு அவ்வளவு வராது, ஏனென்றால் தமிழ் எழுத்து படமாகவே போய் விழுகிறது, ஊசிக்கும் ரிப்பனுக்கும் வேலை அதிகம்.

புது ரிப்பன் வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: கேட்ரிட்ஜின் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் சுற்றினால் ரிப்பன் நகர்கிறதா? நகராமல் ஒரே இடத்தில் அடி வாங்கினால் அந்த இடம் வெளுத்து, பஞ்சு பஞ்சாகிக் கிழியும். மடிந்திருந்தாலும் நகராது. குமிழை மெல்லச் சுற்றி மடிப்பை எடுத்துவிடுங்கள்.

வறண்ட ரிப்பனில் எண்ணெய் ஸ்பிரே அடித்து ஓட்டும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. ரெண்டு நாளைக்குக் கறுப்பாக வரும். பிறகு அந்த எண்ணெய் தாள் தூசியோடு கலந்து ஹெட் ஊசிகளைச் சுற்றிப் பசையாக இறுகும். ரிப்பனில் மிச்சம் பிடித்த காசை ஹெட்டில் கட்டுவீர்கள்.

### மேல் தாள் தெளிவு, அடித்தாள் மங்கல்

முதலில் லீவர். ரிப்பன் மூடியைத் திறந்தால் ஓரத்தில் எண் போட்ட ஒரு சிறு லீவர் தெரியும். எல்.க்யூ. 310-இல் ஒற்றைத் தாளுக்கு 0, இரண்டு அடுக்குக்கு 1, மூன்றுக்கு 2, நான்குக்கு 3. தடித்த கவர் அடிக்க யாரோ மேலே தள்ளிவிட்டு, திரும்ப இறக்காமல் போயிருப்பார்கள். ஹெட் தாளிலிருந்து விலகி நிற்கும், கடைசி நகலில் ஒன்றும் தெரியாது.

லீவர் சரியென்றால் தாளின் அடுக்கை எண்ணுங்கள். எல்.க்யூ. 310 அசலும் மூன்று நகலும் அடிக்கும், எல்.எக்ஸ். 310 அசலும் நான்கு நகலும். அதற்கு மேல் கேட்டால் கிடைக்காது. அடுத்து, தாள் எவ்வளவு பழையது? கார்பன் இல்லாமல் நகல் விழும் கம்ப்யூட்டர் ஃபார்ம் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. கடைக்குப் பின்னால் தகரக் கூரைக்கு அடியில் வருடக்கணக்கில் அடுக்கி வைத்த பெட்டியிலிருந்து எடுத்தால், பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சோதிப்பது சுலபம்: பால்பாயிண்ட் பேனாவால் மேல் தாளில் அழுத்திக் கோடு போடுங்கள். அடித்தாளில் அதுவும் மங்கலென்றால் தாளை மாற்றுங்கள்.

பேனா கோடு பளிச்சென்று விழுந்து, லீவரும் சரியாக இருந்தும் நகல் மங்கலென்றால் ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது ரப்பர் ரோலர் இறுகிப் பள்ளம் விழுந்திருக்கலாம். இங்கே டெக்னீஷியன் வேண்டும்.

### ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல்

ஹெட் ஓடும் தண்டு ரோலருக்கு இணையாக இல்லை. கீழே விழுந்த பிரிண்டரிலும், மேலே கோப்புகளைக் குவித்து வைத்த பிரிண்டரிலும் இப்படி வரும். இதை நீங்கள் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

## எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு

எல்லாரும் பயப்படும் அறிகுறி இதுதான், ஆனால் இதிலும் ஹெட் கடைசியாகத்தான் வரும்.

'லோட்/இஜெக்ட்' பிடித்துச் செல்ஃப் டெஸ்ட் அடியுங்கள். எழுத்துகளின் மேல் பாதியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கீழ் ஊசிகள் வேலை செய்கின்றனவா என்பது ஆங்கிலச் சிறிய ஜி, பி, ஒய் எழுத்துகளின் வாலிலும் அடிக்கோட்டிலும்தான் தெரியும்.

### செல்ஃப் டெஸ்டில் கோடு இல்லை, தமிழ் பில்லில் மட்டும் இருக்கிறது

ஊசியில் குறையில்லை. படமாக அடிக்கும்போது 24 ஊசி பிரிண்டர் ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 3.4 மில்லிமீட்டர் உயரத்தை நிரப்பும், பிறகு தாளை அதே அளவு நகர்த்தி அடுத்த ஓட்டம். தாள் ஒரு மயிரிழை கூடுதலாக நகர்ந்தால் இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் வெள்ளை தெரியும். டிராக்டர் (தாளின் ஓர ஓட்டைகளில் பல் மாட்டி இழுக்கும் பாகம்) தளர்வா, தாள் பின்னால் எங்காவது இழுபடுகிறதா, ரோலரில் தூசியா என்று பாருங்கள்.

### செல்ஃப் டெஸ்டிலும் ஒவ்வொரு வரியிலும் ஒரே உயரத்தில் கோடு

ஒரு ஊசி அடிக்கவில்லை. ஆங்கில பில்லில் எல்லா வரியிலும் அதே இடத்தில் இருப்பதால் உடனே கண்ணில் படும். தமிழில் அப்படியில்லை. ஊசி ஓட்டமும் எழுத்து வரியும் ஒன்றாகப் பொருந்தாததால், கோடு ஒரு வரியில் எழுத்தின் வயிற்றிலும் அடுத்த வரியில் தலையிலும் விழும். செந்தூலில் ஒரு கோயில் அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரப் பெயர்களின் புள்ளி சிலதில் இருந்தது, சிலதில் இல்லை. 'அஸ்தம்' ஒரு சீட்டில் சரியாக இருக்கும், அடுத்த சீட்டில் 'அஸ்தம' என்று நிற்கும். அலுவலகத்துக்காரர் எழுத்துருக் கோளாறு என்று நினைத்து வேறு எழுத்துரு தேடிக்கொண்டிருந்தார். செல்ஃப் டெஸ்ட் அடித்ததும் மேலிருந்து மூன்றாவது ஊசி விழவில்லை என்பது தெரிந்துவிட்டது.

இனி வரிசையாகப் பாருங்கள்:

- பிரிண்டரை அணைத்து, ஹெட் ஆறும்வரை காத்திருங்கள். அடித்து முடித்த ஹெட்டைத் தொட்டால் விரல் கொப்பளிக்கும்.
- ரிப்பனைக் கழற்றுங்கள். ஹெட் முன்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து, ஊசி வரும் வழியை மறைக்கிறதா?
- நூல் பிரியாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிது நனைத்து, ஹெட்டின் நுனியை மட்டும் துடையுங்கள். கறுப்புப் பசை வரும். அது நிற்கும்வரை துணியை மாற்றித் துடையுங்கள். தின்னர் வேண்டாம். ஆல்கஹால் ரப்பர் ரோலரில் பட வேண்டாம்.
- நன்றாகக் காய்ந்ததும் ரிப்பனைப் போட்டு மறுபடி செல்ஃப் டெஸ்ட்.

பசையில் சிக்கிய ஊசி இதிலேயே விடுபட்டுவிடும். விடுபடவில்லையா? அடித்த வரியை இடமிருந்து வலம் கவனமாகப் பாருங்கள். கோடு வரி முழுக்க ஓடுகிறதா, அல்லது இடப்பக்கம் எழுத்து முழுசாக இருந்து, ஹெட் நடுப்பகுதியைத் தாண்டியதும் கோடு தொடங்குகிறதா? பின்னது என்றால் ஊசி உடையவில்லை. ஹெட்டோடு மடிந்து மடிந்து ஓடும் பட்டைக் கேபிளில் ஒரு கம்பி விரிசல் விட்டிருக்கிறது, ஹெட் ஒரு பக்கம் போகும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகிறது. கேபிள் விலை ஹெட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இதைப் பார்க்காமலேயே ஹெட் மாற்றச் சொல்பவர்கள் உண்டு.

கோடு வரி முழுக்க இருந்தால் இனி டெக்னீஷியன் வேலை. அவர் மீட்டர் வைத்து ஒவ்வொரு ஊசியின் சுருளையும் அளப்பார். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் ஊசி முறிந்திருக்கிறது. ஒன்று மட்டும் தொடர்பே காட்டவில்லை என்றால் சுருள் எரிந்திருக்கிறது. எரிந்திருந்தால் புது ஹெட் போடும் முன் போர்டில் அந்த ஊசியை ஓட்டும் டிரான்சிஸ்டரைச் சோதித்தாரா என்று கேளுங்கள். அது ஷார்ட்டாகி இருந்தால் புது ஹெட்டின் அதே ஊசியும் எரியும், இரண்டாவது ஹெட்டுக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

ஊசி எப்படி முறிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டை விழுந்த ரிப்பனில் ஊசி மாட்டிக்கொள்ளும், ஹெட் அதை இழுத்துக்கொண்டு ஓடும், முறியும். மறுநிரப்பு ரிப்பனில் ஒட்டிய இணைப்பு தடிப்பாக இருந்தாலும் இதே கதிதான். கிழிந்த ரிப்பனை "இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று விடாதீர்கள்.

## தாள் சாய்கிறது, கிழிகிறது, சிக்குகிறது

தாள் வகை லீவரை (மேலே சொன்ன எண் போட்ட லீவர் அல்ல) முதலில் பாருங்கள். ஒற்றைத் தாள் அடித்துவிட்டு, தொடர் ஃபார்முக்கு மாற்றாமல் விட்டால் ரோலரும் டிராக்டரும் ஒரே தாளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

அதில் குறையில்லையென்றால் மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஃபார்ம் பெட்டி பிரிண்டருக்கு நேர் பின்னால், நேராக இருக்க வேண்டும். பெட்டி கோணலாக இருந்தால் தாளும் கோணலாகவே ஏறும். பெட்டியின் விளிம்பில் தாள் உரசக் கூடாது. வெளியே வரும் தாள் பின்பக்கமாகச் சரிந்து, உள்ளே போகும் தாளோடு சேர்ந்து மறுபடி நுழைவது இடமில்லாத கடைகளில் அன்றாடம் நடப்பது.

டிராக்டர் பல் இரண்டும் எதிரெதிர் ஓட்டையில் ஒரே வரிசையில் மாட்டியிருக்கிறதா? ஒரு பக்கம் ஒரு ஓட்டை முன்னே பின்னே இருந்தாலும் தாள் சாய்ந்துதான் போகும். இரண்டு டிராக்டருக்கும் நடுவில் தாள் தொய்யவும் கூடாது, முறுக்கேறவும் கூடாது. முறுக்கேறினால் ஓட்டைகள் நீளமாகக் கிழியும்.

ஏர்கோன் இரவில் அணைந்து, காலையில் கதவு திறக்கும் கடைகளில் தாள் ஈரம் குடித்து அலையடிக்கும். பிரிண்டரில் மாட்டியிருக்கும் முதல் சில ஃபார்ம்கள்தான் சிக்கும். அவற்றைக் கிழித்தெடுத்துவிட்டு, பெட்டிக்குள் மூடியிருந்த தாளை மாட்டுங்கள்.

சிக்கிய தாளை எடுக்கும்போது அணைத்துவிட்டுப் பக்கக் குமிழைச் சுற்றி எடுங்கள். ஆன் செய்தபடி குமிழைத் திருகினால் தாளின் தொடக்க இடமே பிசகிவிடும். துண்டு உள்ளே நின்றுவிட்டால் கத்தரி, ஸ்க்ரூ டிரைவர் போட்டுக் குடையாதீர்கள். தடித்த அட்டை ஒன்றை ஒற்றைத் தாள் வழியாக நுழைத்துத் தள்ளினால் வந்துவிடும். அதற்கும் வராமல் பல் சக்கரம் வழுக்கும் சத்தம் கேட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது

ரூலரை எடுத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரே அளவு இறங்கினால் அது செட்டிங். 11 அங்குல ஃபார்முக்கு விண்டோஸில் ஏ4 என்று இருந்தால், ஏ4 நீளம் 11.69 அங்குலம் என்பதால் ஒவ்வொன்றும் சுமார் 17.5 மில்லிமீட்டர் கீழே போகும். ஒரு அங்குலம் இறங்கினால் எங்கோ 12 அங்குலம் என்று போட்டிருக்கிறது. பாதி ஃபார்மா? விண்டோஸில் 9.5-க்கு 5.5 அங்குலம் என்று புது ஃபார்ம் அளவு உருவாக்கி, அதைப் பிரிண்டர் செட்டிங்கிலும் பில்லிங் மென்பொருளிலும், இரண்டு இடத்திலும் தேர்ந்தெடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் மாற்றிவிட்டு "மாத்தியாச்சு, சரியாகலை" என்பார்கள்.

ஒருமுறை கொஞ்சம், இன்னொருமுறை அதிகம் என்றால் தாள் வழுக்குகிறது. மேலே சொன்ன டிராக்டர் சோதனைக்குப் போங்கள்.

எல்லா பில்லும் ஒரே அளவு தள்ளி நின்றால் 'பாஸ்' பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மற்ற இரண்டு பட்டன்களால் தாளை நூலிழை நூலிழையாக நகர்த்தி இடம் வையுங்கள்.

## கட்டக் கோடு நெளிகிறது

செங்குத்துக் கோடு வரிக்கு வரி இடமும் வலமுமாக ஆடினால், ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பது ஒத்துப்போகவில்லை. அணைத்து, 'பாஸ்' பிடித்தபடி ஆன் செய்தால் சீரமைப்புத் தாள் வரும். அதில் சொன்னபடி நேராக நிற்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, டெக்னீஷியன்.

## புரியாத குறிகளாக அடிக்கிறது

பாதியில் ரத்து செய்த வேலைதான் பெரும்பாலும் காரணம். பிரிண்டரை அணைத்து, கம்ப்யூட்டரில் காத்திருக்கும் வேலை எல்லாவற்றையும் அழித்து, பிறகு ஆன் செய்யுங்கள்.

மறுபடி வந்தால் டிரைவரை (பிரிண்டரை ஓட்டக் கம்ப்யூட்டரில் போடும் மென்பொருள்) பாருங்கள். 24 ஊசிக்கு 9 ஊசி டிரைவர் போட்டிருக்கலாம். அல்லது பிரிண்டர் ஐ.பி.எம். கட்டளை முறையிலும் மென்பொருள் எப்சன் கட்டளை முறையிலும் பேசிக்கொண்டிருக்கலாம். டாஸ் காலத்து ஸ்டாக் புரோகிராமை இன்னும் ஓட்டும் கடைகளில் இது அடிக்கடி வரும்.

கேபிள் மூன்றாவது. பழைய பேரலல் கேபிள் சுமார் இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டால் சிக்னல் கெடும். ஆன் செய்தபடி அந்தக் கேபிளைச் செருகிப் பிடுங்கினால் போர்ட்டே போய்விடலாம்.

யார் பக்கம் குறை என்று சண்டை வந்தால் 'எல்.எஃப்./எஃப்.எஃப்.', 'லோட்/இஜெக்ட்' இரண்டையும் பிடித்து ஆன் செய்து, பில்லை அனுப்புங்கள். வந்து சேர்ந்த குறியீட்டை எண்ணாகவே அடிக்கும். அந்தத் தாளை மென்பொருள்காரரிடம் கொடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

## நடுவில் நிற்கிறது, மெதுவாகிறது

தீபாவளிக்கு முந்தைய வாரம் துணிக்கடைகளிலிருந்து வரும் அழைப்பு இது. 'பாஸ்' விளக்கு மினுக்கினால் ஹெட் சூடேறியிருக்கிறது. கோளாறில்லை. ஆறியதும் தானே தொடரும். அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

ஆங்கில, மலாய் பில்லுக்கு விண்டோஸ் எழுத்துருவுக்குப் பதிலாகப் பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் 10 சி.பி.ஐ. (அங்குலத்துக்கு 10 எழுத்து) எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் வேகம் பல மடங்கு கூடும், சூடும் குறையும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. அதனால் தமிழில் கடைப் பெயரையும் முகவரியையும் ஃபார்மிலேயே அச்சகத்தில் போட்டுவிட்டு, விவரத்தை மட்டும் பிரிண்டரில் அடிப்பது என் சிபாரிசு.

## ஆன் செய்ததும் 'கர்ர்' என்று சத்தம், எல்லா விளக்கும் மினுக்கல்

அணையுங்கள். ரிப்பனைக் கழற்றி, ஹெட்டைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்காவது இடித்தால் அங்கே தாள் துண்டோ, ஸ்டேப்பிளர் முள்ளோ, செத்த பல்லியோ இருக்கும். பல்லி சாதாரணம். இரவில் சூடான இடம் தேடி வந்து உள்ளே படுத்துக்கொள்ளும்.

வழி முழுக்கக் கனமாக நகர்ந்தால் தண்டில் பழைய எண்ணெயும் தூசியும் இறுகியிருக்கிறது. உலர்ந்த துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், ஸ்பிரே எதுவும் வேண்டாம். எந்த எண்ணெய், எவ்வளவு என்பது டெக்னீஷியன் கையில் இருக்கட்டும்.

ரிப்பன் இல்லாமல் ஆன் செய்தால் ஓடுகிறது, போட்டால் நிற்கிறது என்றால் கேட்ரிட்ஜ்தான் சிக்கியிருக்கிறது. ரிப்பன் இல்லாமலும் விளக்கெல்லாம் மினுக்கினால், சில நிமிடம் அணைத்து வைத்து ஒருமுறை முயன்று பாருங்கள். பிறகும் அப்படியே இருந்தால் மோட்டார், சென்சார், போர்டு மூன்றில் ஒன்று. உங்கள் வேலை இங்கே முடிந்தது.

## உயிரே இல்லை

வேறு பிளக் பாயிண்ட். வேறு வயர். மூன்று முள் பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸ். இந்த மூன்றுக்கும் உயிர் வரவில்லை என்றால் உள் பவர் போர்டு. மூடியைத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

மாலை இடி மழைக்குப் பிறகு பிரிண்டர் ஆன் ஆகிறது, செல்ஃப் டெஸ்டும் அடிக்கிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் போர்ட் அடிபட்டிருக்கிறது. எல்.எக்ஸ். 310, எல்.க்யூ. 310 இரண்டிலும் யு.எஸ்.பி., பேரலல், சீரியல் என்று மூன்று வாசல் உண்டு. ஒன்று போனால் இன்னொன்றில் மாட்டிப் பாருங்கள், செலவில்லாமல் ஓடலாம். கடை அடைக்கும்போது பவர் வயரைப் பிடுங்கிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

## ஆளைக் கூப்பிடும்போது

மாடல் எண், செல்ஃப் டெஸ்ட் அடித்த தாள், கோளாறு தெரியும் பில்லின் எல்லா அடுக்கும், இவற்றைப் படம் எடுத்து முதலிலேயே அனுப்புங்கள். சரியான உதிரியோடு வருவார், இரண்டாவது முறை வர வேண்டியிருக்காது. ஹெட் மாற்றினால் கழற்றிய பழைய ஹெட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஹெட்டும் கூலியும் சேர்ந்து புதுப் பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றச் சொல்வதில்லை. ஆனால் பழையதைத் தூக்கிப் போடவும் சொல்வதில்லை. அதே மாடல் வாங்கினால் டிராக்டர், ரோலர், குமிழ் எல்லாம் உதிரியாக உதவும்.